இன்கிரிமெண்ட் வேண்டாம் என்ற கடிதம்

காலையில் ஃபேக்டரியின் பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்யும் முனிராஜ் அண்ணன், வருகையும் சம்பளக் கணக்கும் பார்க்கும் எங்கள் டைம் ஆபீசுக்கு எவர்சில்வர் டப்பாவில் கேசரி கொண்டுவந்தார். இன்கிரிமெண்ட் லிஸ்ட்டில் அவர் பெயர் வந்திருந்தது.

"வீட்ல சந்தோசமா கிண்டிக் குடுத்துச்சு சார்."

இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மத்தியானம் கேன்டீன் டிவியில் பட்ஜெட் பேச்சு ஓடியது. யாரும் சத்தம் வைக்கவில்லை. சாப்பிட்டு ஆபீசுக்குத் திரும்பியதும் அண்ணன் மறுபடி வந்தார், கையில் ஒரு கடிதத்தோடு.

"இன்கிரிமெண்ட் வேணாம் சார். நிறுத்திடுங்க."

"ஏண்ணா?"

"சம்பளம் லிமிட்டைத் தாண்டிட்டா இ.எஸ்.ஐ. கார்டு போயிருமாமே?"

"ஆமாண்ணா, போயிரும்."

"வீட்ல அதுக்கு வாரம் ரெண்டு வாட்டி டயாலிசிஸ் சார், அந்த கார்டுலதான் இலவசமா நடக்குது. ஏத்துன காசு ஒரு வாட்டிக்கே பத்தாது."

அந்த லிஸ்ட்டை டைப் செய்தவன் நான். லிமிட் எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம். இருந்தும் காலையில் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

"மேல கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

"சரிங்க சார். அந்த டப்பாவ குடுங்க, சூளகிரி பஸ் போயிரும்."

கழுவிக் கொடுத்தேன்.

சம்பளம் ஏற்றச் சொல்லி வரும் கடிதங்களுக்கு எங்களிடம் மூன்று ஃபைல் இருக்கிறது. ஏற்ற வேண்டாம் என்று வந்ததை எதில் வைப்பது? எச்.ஆர். நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்.