அசுரனுக்கு ஓய்வு

கோயில் கொடைத் திருவிழாவுக்கான கமிட்டிக் கூட்டத்துக்குத் தலைவர் மளிகைக்கடை அண்ணாச்சி வந்திருந்தார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் கமிட்டியில் சேர்க்கப்பட்ட நானும், நாடகத்தில் அசுரன் வேஷம் கட்டுகிறவரும் இருந்தோம். வருஷந்தோறும் அவரை வெல்லும் வீரன் வேஷக்காரர் வரவில்லை.

அசுரன் வேஷக்காரர் ஒல்லியான மனிதர். எங்கே உட்கார்ந்தாலும் சுவரில் முதுகை ஒட்டித்தான் உட்காருவார். காரணம் உண்டு. கதை முடிவில் தோற்ற அசுரன் கூட்டத்தின் நடுவே ஓடவேண்டும். சனங்கள் வாழைமட்டையால் அடிப்பார்கள். அடித்தால் வீட்டுப் பீடை போகும் என்பது எங்கள் ஊரான கொட்டாரத்தின் வழக்கம்.

"அண்ணாச்சி, இந்த வீரன், அசுரன் கதையை இந்த வருஷம் விட்டிருவோம். சனத்துக்கு அலுத்துப் போச்சு" என்றார் அசுரன் வேஷக்காரர்.

"அலுத்தா இம்புட்டுக் கூட்டம் வருமாவே?" என்றார் அண்ணாச்சி.

"கதை பாக்கவா வாறானுவ? நான் எந்தப் பக்கம் ஓடுவேன்னு எல்லாவனுக்கும் மனப்பாடம். இப்பம் வாழைமட்டை போயி பனைமட்டை வந்தாச்சு."

புதுக்கதை போடலாம் என்று நானும் சொன்னேன்.

"மக்கா, ஒன்னைப் படிக்கவச்சது அசுரனுக்கு வக்காலத்து வாங்கவா?" என்று சிரித்தார் அண்ணாச்சி. பழைய கதையையே போடுவதென்று முடிவாயிற்று.

கொடையன்று அசுரன் ஓடும் வழியில் முன்கூட்டியே ஆட்கள் நின்றார்கள். பனைமட்டையின் ரம்பப் பல் போன்ற கருக்கு அவர் முகத்தைக் கிழித்தது. விழுந்தவரை மிதித்தார்கள். நாங்கள் இழுத்து வெளியே போட்டபோது, ரத்தம் வழிய எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து அசுரச் சிரிப்பு சிரித்தார். ஏன் சிரித்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுவருஷம் புதுக்கதை போட்டோம். அவரும் பார்க்க வந்து சுவரோரம் உட்கார்ந்தார். பழைய கதையை நிறுத்த எங்களுக்கு ஆன செலவு, அவருடைய இடது கண்.