வாடகைக்கு வந்த பச்சை

மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் உட்கார்ந்து மெழுகுவர்த்தி செய்ய ஒருவருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! மெழுகக்காவுக்கு இருந்தது. மூன்றாவது மாடி, ஒற்றை அறை. வாடகை மலிவு, ஏன் மலிவு என்பது கோடையில் புரியும்.

அவர் செய்வது பிறந்தநாள் கேக்கில் குத்தும் எண் மெழுகுவர்த்தி. அச்சில் வார்த்து, ஆறவிட்டு, பலகையில் வரிசையாக நிறுத்துவார். மதியம் இரண்டு மணிக்கு ஒன்றெல்லாம் தலைகுனிந்து ஏழாகிவிடும். ஏழு என்ன ஆகும் என்று கேட்காமல் இருப்பதே நல்லது.

“பரவாயில்ல அண்ணி, குழந்தை சீக்கிரம் வளந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்” என்பாள் கூட வேலை செய்யும் நாத்தனார்.

பேக்கரிக்காரர் அப்படிச் சொல்லிக்கொள்ளத் தயாராக இல்லை. “இந்தத் தடவையும் வளைஞ்சு வந்தா வேற ஆளப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார். இருவருக்கும் பாதிச் சோறு அவர் போடுவது.

கூரைச் சூட்டைப் பற்றி ஓனரிடம் ஆறு வருடமாகச் சொல்லியாகிவிட்டது. “சூரியனை நானாம்மா அங்க கொண்டுபோய் வெச்சேன்?” என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இந்த வருடம் திடீரென்று இயற்கைமேல் காதல் வந்தது. காரணம், நகராட்சியின் சுற்றறிக்கை. மொட்டைமாடியில் பாதிக்கு மேல் செடி வளர்த்தால் ஐந்து வருடத்துக்குச் சொத்து வரியில் கால்வாசி தள்ளுபடி. மழைநீர் சாக்கடைக்கு ஓடாமல் மண்ணில் தங்குமாம், கீழ்வீடு குளிருமாம், தேனீக்கள் வருமாம். ஓனர் இதையெல்லாம் தாண்டிக் குதித்துத் தள்ளுபடியில் போய் நின்றார்.

செடி வளர மாதக்கணக்காகும். நகராட்சி அதிகாரி பார்வையிட வர இரண்டே நாள். ஆனால் தேவை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஊரில் ஒரு வியாபாரி இருப்பார். புல்லும் பூச்செடியும் அடர்ந்த தட்டுகளை வேனில் கொண்டுவந்து நாள் வாடகைக்கு இறக்கினார் நாற்றுப்பண்ணைக்காரர். “இந்தத் தட்டு மட்டும் இதுவரைக்கும் பதினோரு மாடிக்குத் தள்ளுபடி வாங்கிக் கொடுத்திருக்கு அக்கா” என்று, படித்து முன்னுக்கு வந்த மகனைக் காட்டுவதுபோல மெழுகக்காவிடம் ஒன்றைக் காட்டினார்.

அதிகாரி சொன்ன நாளில் வரவில்லை; மூன்று நாள் தள்ளிப்போட்டார். தட்டுகள் மாடியை மூடியபடி கிடந்தன. சரக்கு வாடக்கூடாதே என்று நாற்றுப்பண்ணைக்காரர் தினமும் தண்ணீர் ஊற்றினார்.

மூன்றாம் நாள் மதியம் நாத்தனார் கத்தினாள். “அண்ணி! மணி ரெண்டரை. ஒண்ணு இன்னும் ஒண்ணாவே நிக்குது!”

மெழுகக்கா முக்காலியில் ஏறிக் கூரையைத் தொட்டார். அடுப்புபோல் இருந்த கான்கிரீட், தண்ணீர்ப் பானைபோல் இருந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். அவர் மாடியில் படம் எடுத்துக்கொண்டிருக்க, ஓனர் கீழே வந்து ஒரு படிவத்தை நீட்டினார். அதில் மேல்தளத்தில் குடியிருப்பவருக்கு என்று ஒரு பத்தி இருந்தது. “குளிர்ச்சியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. பொய்யில்லையே?”

பொய்யில்லைதான். ஆனால் எழுதிக் கொடுத்தால் நாளைக்கே தட்டுகள் வேன் ஏறும், பேக்கரியும் கைவிட்டுப் போகும். எழுதாவிட்டால் அறை போகும். மெழுகக்கா பேனாவை வாங்கினார். பிறகு உண்மையை முழுசாகவே எழுதினார்: “செடி வந்ததிலிருந்து அறை குளிர்ச்சியாக இருக்கிறது. நாளை திருப்பி அனுப்பப் போகிறார்கள். அனுப்பாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.”

எட்டிப் பார்த்த நாத்தனார், “மூட்டை கட்ட ஆரம்பிக்கட்டுமா அண்ணி?” என்றாள்.

ஓனர் படிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தார். அதிகாரி படித்தார், இரண்டு முறை படித்தார். படிவத்தோடு நேரே கீழே இறங்கி வந்தார்.

“வாடகைச் செடியா சார்?”

“சேச்சே. சும்மா கொஞ்ச நாள் பழகிப் பாக்கலாம்னு...”

“யாரு, செடியா, நீங்களா?”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மூணு மாசம் சொல்லாம வருவேன். எப்ப வந்தாலும் செடி இருக்கணும். அதுவரைக்கும் தள்ளுபடி கிடையாது” என்றார் அதிகாரி.

ஓனர் மெழுகக்கா பக்கம் திரும்பினார். “இந்த மாசமே காலி பண்ணும்மா.”

“மேல்தளம் காலியா இருந்தா விண்ணப்பமே செல்லாது சார். நாலாவது விதி. குளிர்ச்சி யாருக்காவது போய்ச் சேரணும்ல?” என்றார் அதிகாரி, எழுதுவதை நிறுத்தாமல்.

செடிக்கு மூன்று மாத வாடகை கொடுப்பதைவிட விலைக்கு வாங்குவதே ஓனருக்கு லாபமாக இருந்தது. நாற்றுப்பண்ணைக்காரர் கூசாமல் ஒன்றரை மடங்கு சொன்னார். “அனுபவமுள்ள செடி சார்!”

இப்போதெல்லாம் விடிந்ததும் ஓனர் வாளியோடு படியேறுகிறார். எதிரே வருபவர்களிடம், நகரத்தின் சூட்டைத் தான் ஒருவராகவே தணித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். மூன்றாவது மாடி வாசலில் மட்டும் வாளியை இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“எல்லாம் உன்னாலதாம்மா.”

“சரிங்கய்யா, வெயில் ஏறுறதுக்குள்ள ஊத்திடலாம்” என்று மெழுகக்கா அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னே ஏறுவார். கோடை முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.