வலது ஓரத்துச் சுவிட்ச்

அந்த மிஷினுக்குள் கை விடுவதற்கு முன்னால் அப்பா ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பார். “வெக்கலாமா கண்ணு?” வைக்கலாம் என்றால் வைப்பார். நிஜமாகவா என்று ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. எனக்கு மிஷினைவிட அதுதான் பயம்.

அப்பா, பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்களுக்கு ஃபிட்டர். மூன்றாம் வகுப்போடு நின்றவர். வரிசையாக நிற்கும் ஊசிகளை விரல் நுனியால் தடவிக்கொண்டே போய், எதன் நாக்கு வளைந்திருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். அந்த விரல்கள்தான் என்னைப் படிக்கவைத்தன. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ, அதற்கு மேல் இன்ஜினியரிங். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

வீரபாண்டியில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஓர் அறை உண்டு. கோவையில் ஒரு பட்டறையை மூடியபோது கிடைத்த பழைய சிஎன்சி மில்லிங் மிஷினை, கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பை வெட்டும் மிஷினை, அதில்தான் இறக்கினோம். இரும்பு உறுதியாக இருந்தது. அதை ஓட்டும் எலக்ட்ரானிக்ஸ் மட்டும் செத்துப்போயிருந்தது. பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புது மோட்டார், புது டிரைவ், ஒரு கம்ப்யூட்டர் என்று மாற்றிக் கட்டினால், நிட்டிங் மிஷினில் ஊசிகளை ஏற்றி இறக்கும் கேம் என்ற இரும்புத் துண்டுகளை வீட்டிலேயே வெட்டலாம். அதுதான் திட்டம். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சீனியர், “வயரிங்கை ஒருக்கா வந்து பாக்கட்டுமாம்மா?” என்றார். வேண்டாம் சார் என்றேன். இதை முழுக்க நானே செய்தேன் என்று சொல்ல வேண்டும் எனக்கு.

அறை சிறியது. கதவு திறக்க வேண்டுமே என்று மிஷினைத் தள்ளித் தள்ளி வைத்ததில், வெட்டும் இரும்பைச் சுமந்து நகரும் அதன் மேசை வலது பக்கம் கடைசிவரை போனால் சுவரைத் தொட்டுவிடும். அதனால் ஒரு சாண் முன்னாலேயே நிற்கும்படி ஓரத்தில் ஒரு சுவிட்ச் வைத்தேன். மேசை வந்து அதை அமுக்கினால் மோட்டார் நிற்கும். மற்ற ஓரங்களிலும் அப்படியே. ஒரு வாரம் மேசையை இப்படியும் அப்படியும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாத் தடவையும் நின்றது. அப்பா வேஸ்ட் துணியால் மேசையைத் துடைத்துத் துடைத்து மினுக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வாசலில் நின்று சொன்னார்: “அப்பனும் புள்ளையும் அந்த எருமையைக் குளிப்பாட்டி முடிச்சாச்சுன்னா வாங்க. இட்லி ஆறிக் கெடக்குது.”

“எருமை இன்னிக்கு நடக்கப் போகுது. வந்து பாரு” என்றார் அப்பா.

“நடக்கட்டும். பாலு கறக்குறப்போ கூப்புடுங்க, வாறேன்.”

மிஷினைப் போட்டதும் மேசை முதலில் வலது ஓரத்துக்குப் போய்ச் சுவிட்சைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அங்கிருந்துதான் அது அளவைக் கணக்கிடும். சுவிட்ச் சரியாக அமுங்குகிறதா என்று பார்க்க அப்பா முன்னால் குந்தினார். ஊன்றிக்கொள்ளச் சுவரைத் தேடியது அவர் கை.

“இங்க வெக்கலாமா கண்ணு?”

“வையுங்கப்பா. சுவிட்சைத் தொட்டதும் தானா நின்னுக்கும்.”

மேசை நகர்ந்தது. சுவிட்சைத் தொட்டது. ‘டிக்’ என்ற சத்தம் என் காதில் விழுந்தது. மேசை நிற்கவில்லை.

அப்பா சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை சுவரில் விரிந்து இருந்தது, ஐந்து விரலும். அவசரத்துக்கு மிஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டன் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைத் தேடிக் குத்துவதற்குள் என் நெஞ்சு எத்தனை தடவை அடித்தது என்று தெரியாது. மேசை நின்றபோது அதற்கும் அப்பாவின் புறங்கைக்கும் நடுவில் ஒரு சீப்பு நுழையும் இடம் இருந்தது.

அப்பா கையை மெதுவாக உருவினார். துணியில் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

“நாந்தான் அங்க கையை வெச்சிருக்கக் கூடாது. எனக்கெங்க இதெல்லாம் தெரியுது” என்றார்.

என்னைக் கேட்டுத்தானே வைத்தார்? அதை அவர் மறந்திருக்க முடியாது. பழியை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு எனக்கு வழி விட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மெயினை அணைத்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன். மேசை வந்து இடிக்கும்போதெல்லாம் மடிந்து மடிந்து, சுவிட்சுக்குப் போகும் வயர் ரப்பருக்குள்ளேயே அறுந்திருந்தது. வயர் அறுவது எங்கேயும் நடக்கும். அறுந்தபிறகும் மேசை ஓடியதுதான் என் தப்பு.

நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் ஒரு சின்னக் கம்பி சாய்ந்து தொடும். தொட்டதும் கரண்ட் ஓடி, பல்பு எரிந்து, மிஷின் நிற்கும். ஐந்து வயதிலிருந்து அப்பாவின் மிஷினடியில் உட்கார்ந்து நான் பார்த்தது அது. இந்தச் சுவிட்சையும் அப்படியே, தொட்டால்தான் கரண்ட் ஓடும்படி கட்டிவிட்டேன். இங்கே அதைத் தலைகீழாகக் கட்ட வேண்டும். கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தொட்டால் அறுபட வேண்டும். அப்போதுதான் வயரே போனாலும் மிஷின் நிற்கும். புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனக்குத் தெரியாததா என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனது நான்தான்.

சொல்லாமலே சரிசெய்துவிடலாம். அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் நாளைக்கும் அவர் கேட்பார், நான் தலையாட்டுவேன், அவர் கையை வைப்பார்.

“தப்பு உங்களுது இல்லீங்கப்பா. என்னுது” என்று ஆரம்பித்து, முழுவதையும் சொன்னேன்.

அவர் அந்த வயரை எடுத்துப் பார்த்தார். “அப்ப எங்க மிஷின்லயும் அந்த வயரு அறுந்துட்டா நிக்காதுதான?”

“நிக்காதுங்கப்பா.”

“அங்க நிக்காட்டித் துணி போகும்” என்றவர், தன் கையைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாச் சுவிட்சையும் மாற்றிக் கட்டினேன். மேசையை ஓடவிட்டு, வயர் வெட்டும் கட்டரை அப்பாவிடம் கொடுத்து, மேசைக்கு எட்டாத தூரத்தில் நின்று, எனக்குச் சொல்லாமல் எந்தச் சுவிட்ச் வயரையாவது வெட்டச் சொன்னேன். வெட்டினார். மேசை அந்த இடத்திலேயே நின்றது. இன்னொன்றையும் வெட்டட்டுமா என்றார். வெட்டுங்கள் என்றேன்.

இப்போது அந்த மிஷினில் கேம் வெட்டுகிறோம். அப்பா என்னிடம் கேட்பதில்லை. சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டுத்தான் உள்ளே கை விடுகிறார். முதல் நாள் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் இங்கேதானே நிற்கிறேன் என்று தோன்றியது. இப்போது அப்பா எழுந்து மிஷின் பக்கம் போனாலே என் விரல் தானாகச் சிவப்புப் பட்டனுக்குப் போய்விடுகிறது. மெயின் இறங்கும் சத்தம் கேட்கும்வரை அதை அங்கிருந்து எடுக்க என்னால் முடிவதில்லை.