ஏழாம் நம்பர் மலை

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். செத்தால் அக்காவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். அக்கா என்றால், எனக்கு முன்னால் பிறந்து, தவழத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போன பிள்ளை. டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவளைப் புதைத்த கையோடு அப்பாவும் அம்மாவும் ஹட்டன் பக்கம் மாறி வந்துவிட்டார்கள். பிறகு அங்கே போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. மனம் வந்தபோது கால் வரவில்லை. அப்பாவும் இல்லை.

“ஏழாம் நம்பர் மலைடா. அடியில ரெண்டு ஆறு சேரும். அங்கதான்” என்பார்.

அம்மா சொல்லும் தோட்டப் பெயர் இப்போது யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் வெள்ளைக்காரன் காலத்து நில அளவை வரைபடத்தை இணையத்தில் தேடிப் பிடித்தேன். ஹட்டனில் அதைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்த கடைக்கார முஸ்லிம் நானா, “என்ன, காணி வாங்கப் போறீங்களா?” என்று கேட்டார். தோட்டக் கூலிகளான எங்கள் ஆட்கள் காணி வாங்குவதா! இரண்டு பேரும் சிரித்தோம்.

வரைபடத்தில் அம்மா சொன்ன தோட்டப் பெயர் இல்லை; ஆனால் தோட்டத் துரையின் பங்களாவுக்குப் பெயர் இருந்தது. வெள்ளைக்காரர்களின் கல்லறைக்கு ஒரு சிலுவை இருந்தது. எங்கள் ஆட்கள் குடியிருந்த லயங்கள்கூடக் குட்டிக் குட்டிக் கறுப்புக் கோடுகளாக இருந்தன. எங்கள் சனங்களைப் புதைத்த இடத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. யார்மேல் என்று தெரியாமலே எனக்குக் கோபம் வந்தது.

சரி, மலையையாவது கண்டுபிடிப்போம் என்று உச்சிகளைத் தேடினேன். ஒன்றின் உயரம் ஏழு என்ற இலக்கத்தில் தொடங்கியது. அதுதான் ஏழாம் நம்பர் என்று நினைத்து அட்டைக்கடியோடு ஏறினேன். மேலே பாசி பிடித்த ஓர் அளவைக் கல்லும் பனிமூட்டமும்தான். ஆறு எங்கேயோ கீழே கேட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “நாளைக்கு எந்த மலையில கொழுந்து பறிக்கணும்?” என்று கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன். லயத்தில் பிறந்தவனுக்கு இதுகூட மறந்துபோய்விட்டது. எங்களுக்கு மலை என்றால் உச்சி இல்லை, தேயிலை நிலத்தில் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர். வரைபடம் போட்டவனின் மலை வேறு, அம்மாவின் மலை வேறு.

அதன்பின் உச்சிகளை விட்டுவிட்டு ஆறுகளைப் பார்த்தேன். இரண்டு நீலக் கோடுகள் சேரும் இடத்துக்கு மேலே நாலு லயமும் ஒரு கோயிலும் இருந்தன. அடுத்த ஞாயிறு அங்கே போனேன். ஆறுகள் சொன்னபடியே சேர்ந்தன. கோயிலும் இருந்தது. தேயிலைதான் இல்லை. கரை முழுக்க யூக்கலிப்டஸ் மரங்கள்.

விறகு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் விசாரித்தேன்.

“ஆமா தம்பி, இதுதான் பழைய ஏழாம் நம்பரு. நம்பரெல்லாம் மாத்திட்டாங்க. தேயிலையப் புடுங்கிட்டு மரம் வச்சப்ப நாங்கதான் குழி வெட்டுனோம்.”

“இங்க பொதைச்ச இடம் ஒன்னு இருந்திச்சாமே?”

அவர் விறகுக் கட்டின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். “எலும்பு வந்திச்சு. பெருசும் வந்திச்சு, சிறுசும் வந்திச்சு. யாரு வீட்டுதுன்னு கண்டோம்? அப்படியே உள்ள தள்ளி மூடிட்டோம். உங்க ஆளுங்களா?”

தலையாட்டினேன். அக்காவுக்கென்று கொண்டுபோயிருந்த ஊதுபத்தியைக் கோயிலிலேயே கொளுத்திவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, சரியாகத் தெரியாத கண்ணால் அதைத் தடவினார்.

“தொர பங்களா இருக்கா?”

“இருக்கும்மா.”

“லயம்?”

“இருக்கு.”

“புள்ள மட்டும் இல்ல.”

அம்மாவே வரைபடத்தை நாலாக மடித்து என்னிடம் நீட்டினார்.

“இனி தேடாத. என்னைய இங்கயே எங்கயாச்சும் போடு. எப்படியும் அது மேலயும் ஏதாச்சும் மரத்த நடத்தான் போறாங்க.”