ஏரியில் எங்கள் பாடு

இந்த வீட்டுக் கதவை இழுத்துச் சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். சாவியை உள்ளே விட்டுவிட்டு மூன்று முறை வெளியே நின்றிருக்கிறேன். அதிலிருந்து, தான் வேலை முடிந்து வரும்வரை வெளியே போக வேண்டாம் என்று மகள் செல்வி சொல்லிவிட்டாள். நெதர்லாந்தில், கடல் மட்டத்துக்குக் கீழே கட்டிய ஊரில், நான்காம் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க் கட்டடத்தில் நாற்பத்தெட்டு ஜன்னல்கள். எதிலும் திரை இல்லை. யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

துறைமுக அலுவலகத்தில் கடல் வரைபடங்களோடு புழங்கியவன் நான். அந்தப் பழக்கத்தில், வரைபட வரலாற்றுப் புத்தகங்களுக்கு இணையத்தில் வரும் விமர்சனங்களைத் தேடிப் படிக்கிறேன். ஒரு புத்தகத்துக்குப் பதினாறு கிடைத்தன. ஒன்பது பேர் படங்களைப் புகழ்கிறார்கள். நான்கு பேருக்கு எழுத்து சிறியதாம். இரண்டு பேருக்குப் புத்தகம் கிழிந்து வந்ததாம். பதினாறாவது ஆள் ஒரு டச்சுக்காரர். தன் வலைப்பக்கத்தில் எழுதி, புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் படமெடுத்துப் போட்டிருந்தார். எங்கள் பழவேற்காடு! கோட்டை, கப்பல்கள், பின்னால் ஏரி. ஏரிக்குள் வெறும் வெள்ளை. 'அமைதியான வெற்றிடம்' என்று வியந்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வெள்ளையில்தான் எங்கள் பாடு இருக்கிறது. ஏரியில் வலை போடும் இடத்தைப் பாடு என்போம். எந்தப் பாட்டில் யாருக்கு எப்போது முறை என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். சீட்டுக்கு முதலில், கோயில் முன்னால் பங்குள்ள முப்பத்திரண்டு பெயர்களை ராகம்போல நீட்டி இழுத்துக் கூப்பிடுவார்கள். அவரவர் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். என் பெயர் பத்தொன்பதாவது. வேலைக்குப் போன காலத்திலும் லீவு போட்டு வந்து நின்றேன். என் முறையில் தம்பி கன்னியப்பன் வலை போடுவான்.

'அந்த வெற்றிடத்தில் எங்களுக்குப் பாடு இருக்கிறது' என்று தமிழில் எழுதி, மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி அனுப்பினேன். பதில் வந்தது: 'எவ்வளவு அழகு! ஏரியில் என்ன பாடுவீர்கள்? பதிவு செய்து அனுப்புங்களேன்.'

ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், தம்பி போன் செய்யும்வரை.

"இன்னாண்ணே, வருவியா மாட்டியா? இந்தச் சீட்டுக்கு நேர்ல வந்து நிக்கலன்னா உன் பேர எடுத்துருவோம்னு சொல்றாங்க."

"எனக்கும் சேத்து நீ நிக்கக் கூடாதா?"

"நின்னா, 'இன்னாடா, உங்கண்ணன் ஏரியில கீறானா, ஏரோப்ளேன்ல கீறானா'ன்னு நக்கல் பண்றானுங்க."

செல்வியிடம் டிக்கெட் கேட்டேன்.

"நைனா, இங்க வந்து நெஞ்சு ஆபரேசன் பண்ண ஆளு நீ. ப்ளேன் ஏறவே கூடாதுன்னு டாக்டரு சொன்னாரா இல்லியா? இன்னா, போய் வலையா போடப்போற?"

"வலைக்கு இல்லம்மா. பேருக்கு."

"எனக்குப் பேரு வேணாம். நீதான் வேணும்."

டிக்கெட் பேச்சை அதோடு விட்டேன்.

சீட்டு முடிந்த அன்று தம்பி கூப்பிட்டான். "பதினெட்டுக்கு அப்புறம் நேரா இருவதாவது ஆளக் கூப்ட்டாங்கண்ணே" என்றான்.

பாட்டு என்னாயிற்று என்று டச்சுக்காரர் மறுபடி கேட்டிருந்தார். கோயில் முன்னால் கூப்பிடும் அதே இழுப்பில் முப்பத்திரண்டு பெயர்களையும் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினேன். பத்தொன்பதாவதையும் விடவில்லை. 'ஏரிப் பாடல்' என்று தலைப்பிட்டு, வரைபடத்துக்கு அடியிலேயே சேர்த்துவிட்டார்.

ஊரில் இப்போது முப்பத்தொரு பெயர்கள். இங்கே, வலைப்பக்கத்தில் அந்த வெள்ளை ஏரிக்குக் கீழே, யார் தொட்டாலும் முப்பத்திரண்டும் ஒலிக்கின்றன. செல்வி வேலைக்குப் போனதும் நானும் தொடுகிறேன். பத்தொன்பதாவது பெயர் வரும்போது, சாத்திய கதவைப் பார்த்து 'இருக்கேன்' என்கிறேன்.