பெட்டியில் கிடந்த வெள்ளை முடி

அந்தச் சலூன்காரருக்குக் கத்தரி பிடித்த கையைவிடத் துடைப்பம் பிடித்த கைக்குத்தான் வேகம் அதிகம். முடி வெட்டிக்கொண்டவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் தரையைக் கூட்டி, விழுந்ததை மூலைச் சாக்கில் போட்டுவிடுவார். “தலையக் கழட்டி வச்சா அதையும் சேத்துக் கூட்டிருவாரு” என்று பக்கத்துக் கடை டெய்லர் கிண்டல் செய்வார். தரையில் முடி கிடந்தால் இவருக்குச் சாப்பாடு இறங்காது, என்ன செய்வது?

வேறு எதிலும் அவரைச் சுறுசுறுப்பு என்று சொல்லிவிட முடியாது. குடித்த டம்ளரை எங்கே வைத்தோம் என்று தெரியாது. மனைவி எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் கட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு கல்யாண வாழ்க்கையை நோகாமல் ஓட்டிவிட்ட மனிதர். அப்படிப்பட்டவர் தலையில்தான் ஒரு முயலின் பிரசவம் வந்து விடிந்தது.

முயல் மனைவியுடையது. வெள்ளை வெளேரென்று இருக்கும். அவள் அதை மகாராணி என்று கூப்பிடுவாள். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை, வம்புக்கு வரும் நாத்தனாரும் அதுதான். மார்பில் கட்டி என்று தெரிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்த சமயத்தில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. டெய்லர் வீட்டு ஆண் முயலை ஒரு மத்தியானம் வரவழைத்துவிட்டாள்.

“இந்த நேரத்துல இது தேவையா?” என்றார் சலூன்காரர்.

“இந்த நேரத்துலதாங்க தேவை. குட்டிங்களப் பாத்துட்டேன்னா எனக்கு அது போதும்.”

“என்ன பேச்சு இது?” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஆனால் அடுத்த ஊசி ஏறியதும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி சுத்தமாகக் குறைந்துவிட்டது, ஆடு மாடு நாய் பூனை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. முயலுமா என்று அவள் கேட்டதற்கு, முதலில் முயலைத்தான் தள்ளி வைக்க வேண்டும் என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரியான மகாராணி அன்றைக்கே சலூனின் பின்னறைக்கு, பழைய மரப்பெட்டியோடு குடிபெயர்ந்தாள். “பெட்டியில வைக்கோல் போட்டுடுங்க. தண்ணி மாத்துங்க. மத்தபடி அத அது பாட்டுக்கு விட்டுடுங்க” என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள்.

வைக்கோல் போட்டார். தண்ணீர் மாற்றினார். அது பாட்டுக்கு விடுவதில்தான் வந்தது வினை.

ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கிப் பின்னறைக்குப் போனால், பெட்டி முழுக்க முடி. முயலின் நெஞ்சும் வயிறும் அங்கங்கே சொட்டையாகி, ரோஜா நிறத் தோல் தெரிந்தது. சலூன்காரருக்குக் கை கால் ஓடவில்லை. கொஞ்ச காலமாகவே விடியற்காலையில் எழுந்து, மனைவி கண் விழிப்பதற்குள் அவளுடைய தலையணையில் உதிர்ந்து கிடப்பதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். ஊர் முடியெல்லாம் கூட்டி அள்ளுகிறவர், தானாக உதிர்ந்த அந்த முடியைத் துடைப்பத்தால் தொடமாட்டார். இப்போது இதற்கும் அதே சீக்கு வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். மனைவி கேள்விப்பட்டால் தாங்கமாட்டாள்.

பக்கத்துக் கடையில்தான் டெய்லர் இருந்தார், முயல் வளர்க்கிற மனிதர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் சீக்கு என்று இன்னொருவர் வாயால் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. பெட்டியில் இருந்த முடியையும் அது சிக்கிக் கிடந்த வைக்கோலையும் ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்துச் சாக்கில் போட்டார். பெட்டியை டெட்டால் தண்ணீரால் கழுவினார். முயலின் சொட்டைகளில் தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு நிம்மதியாகப் போய் முதல் ஆளுக்குச் சவரம் செய்தார்.

மறுநாள் காலையில் வெறும் பலகைமேல் குட்டிகள் கிடந்தன. கட்டைவிரல் அளவுக்கு, முடியே இல்லாமல், கண் மூடியபடி. முயல் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஜில்லென்று இருந்தன. ஒன்று மட்டும் லேசாகக் காலை இழுத்தது.

அவர் போட்ட கூச்சலில் டெய்லர் ஓடிவந்தார். பெட்டியைப் பார்த்தார். “அது போட்டு வச்ச மெத்த எங்கய்யா?”

“என்ன மெத்த?”

“குட்டி போடறதுக்கு முன்னாடி தன் முடியத் தானே பிடுங்கி மெத்த போடும்யா. அந்தச் சூடு இல்லன்னா குட்டி தங்காது. எங்க அது?”

சலூன்காரர் மூலையைக் காட்டினார். சாக்கைக் கவிழ்த்தார்கள். நேற்று வந்தவர்களின் கறுப்பு முடியும் நரைமுடியும் முயலின் வெள்ளை முடியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெள்ளையை மட்டும் பிரித்து எடுக்க ஆரம்பித்தார். வெளியே ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உயிரிருந்த குட்டியை டெய்லர் உள்ளங்கைகளுக்குள் பொத்தி ஊதிக்கொண்டிருந்தார். ஒரு பிடி முடி சேருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அந்தக் குட்டி மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாள் இல்லை. அந்தக் குட்டிகளில் ஒன்றுக்கும் தாய்ப்பால் குடிக்கக் கொடுத்து வைக்கவில்லை, பாவம்.

குட்டிகள் செத்துக் கிடந்த அன்று வீட்டுக்குப் போனதுமே மனைவி கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “போட்டுருச்சா?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று வந்துவிட்டது. “போட்டுருச்சு. எல்லாம் நல்லாயிருக்கு.”

அன்றிலிருந்து பிடித்தது சனி. குட்டிக்கு எப்போது கண் திறக்கும், எப்போது முடி முளைக்கும் என்று டெய்லரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். செத்த குட்டிக்கு எதற்கய்யா கண் என்று டெய்லர் கேட்கவில்லை. தையலை நிறுத்தாமல், குனிந்த தலை நிமிராமல் பதில் சொல்லிவிடுவார். அதைச் சாயங்காலம் இவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஒன்று மகா முரடு, இன்னொன்று தூங்குமூஞ்சி, நாற்காலியில் உட்கார்ந்ததுமே குறட்டை விடுகிற நம்ம போஸ்ட்மேன் மாதிரி. இப்படியெல்லாம் பேச அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். “முன்னாடியே இப்படிப் பேசியிருக்கலாம் நீங்க” என்று ஒரு நாள் சொன்னாள். அவருக்கு நெஞ்சை அறுத்தது.

அவள் பாதியாக இளைத்துவிட்டாள். எப்போது பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று அரித்தெடுத்தாள். டாக்டர் சரி என்று சொல்லட்டும் என்று அவர் தள்ளிப்போட்டார். டாக்டர் சொல்லவேமாட்டார் என்ற தெம்பில்தான் அத்தனை பொய்யும் நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் சொல்லிவிட்டார். சலூன்காரரைத் தனியாக அறைக்கு அழைத்து, ஊசிகளை நிறுத்திவிடலாம் என்றார். வீட்டிலேயே இருக்கட்டும், வலிக்கு மருந்து தருகிறேன், இனிமேல் எதையும் தடுக்க வேண்டாம் என்றார். “ஆசப்பட்டதச் சாப்பிடட்டும். ஏதோ முயல் இருக்குன்னு சொன்னாங்களே, அதையும் கொண்டு வந்து காட்டுங்க.”

சலூன்காரர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நேராகக் கடைக்குப் போய், மகாராணியை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“உனக்குக் கொஞ்சம் பரவாயில்லையாம். டாக்டரே சொல்லிட்டாரு” என்று முயலை அவள் மடியில் விட்டார்.

அவள் அதை வாரி அணைத்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். அப்புறம் வாசல் பக்கம் பார்த்தாள். “குட்டிங்க?”

“நாளைக்குக் கொண்டு வரேன். எல்லாத்தையும் ஒண்ணாத் தூக்க முடியல.”

அவள் முயலை மெல்லத் திருப்பி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அங்கேயே கை நின்றது.

“பால் வத்திப் போயிருக்குங்களே.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணுகூட இல்லையா?”

“இல்ல.”

“எப்போ?”

“அப்பவே. முடியப் பாத்துட்டு இதுக்கும் சீக்குன்னு நெனச்சேன். எல்லாத்தையும் நான்தான் கூட்டித் தள்ளிட்டேன்.”

அவள் முயலைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆகாது என்று அத்தனை கண்டிப்பாகத் தடுத்த டாக்டர் இன்றைக்கு ஏன் விட்டார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள்முன் அழுதறியாத மனிதர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதார்.

அவள் கையை நீட்டி அவர் தலையில் வைத்தாள்.

“சரி, இன்னிக்கு அதுங்க என்ன பண்ணுச்சுன்னு சொல்லவே இல்லையே?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லுங்க. நிறுத்திடாதீங்க” என்று அவள் நகர்ந்து, அவர் உட்காரக் கட்டிலில் இடம் விட்டாள்.