கட்டி தட்டிய பால்

பால்பவுடர் ஆலையைச் சுற்றிப் பார்க்க எங்கள் பால் சங்கத்திலிருந்து போயிருந்தோம். உயரமான கலத்தின் உச்சியிலிருந்து பாலைப் பனிபோலத் தெளிக்கிறார்கள். அனல்காற்றில் அது கீழே விழுவதற்குள் பொடியாகிவிடுகிறது.

"இப்படிக் காய வச்சாத்தான் சார், வெந்நீர்ல போட்டதும் கரையும்" என்றார் சூப்பர்வைசர். "என்னங்க, இப்படி வேர்க்குது?"

"அனல்ங்க" என்று புளுகினேன். நாற்பது வயது ஆம்பளை, அந்தப் பால்பவுடர் வாசனைக்குப் பயந்து வாசலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், அரியலூரில் எனக்குப் பத்து வயது. அம்மா பிரசவத்தில் போய்விட்டாள். பிறந்து இருபது நாளான தங்கச்சிக்கு டின் பால்தான். அப்பாவின் தங்கை, என் அத்தை, கண்ணயரும்போதெல்லாம் பவுடரை அள்ளி வாயில் போடுவேன். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இனிக்கும். தினமும் நான் தின்று குறைந்த அளவுக்கு டின்னில் மைதாவைக் கலந்து வைத்தேன். பெரிய விஞ்ஞானி!

நாலாம் நாள் வெந்நீரில் அது கட்டி தட்டியது.

"கடைக்காரன் ஏமாத்திட்டாண்ணே!" என்றாள் அத்தை.

அப்பா டின்னோடு சைக்கிளை எடுத்தார். கடைக்காரரை அடிப்பார், போலீஸ் வரும், என்னைத் தூக்கில் போடுவார்கள் என்று மூன்றே நொடியில் தீர்ப்பெழுதி, கேரியரைப் பிடித்துக்கொண்டு அலறினேன். "நான்தாம்ப்பா தின்னேன்! மைதா போட்டு வச்சேன்!"

அப்பா கையை ஓங்கவில்லை. "எத்தன நாளாடா?"

"நாலு நாளா."

அத்தை தூளியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நாலு நாளும் குழந்தை விடாமல் அழுதது. "ஆத்தாளத் தேடுது" என்று வந்தவர்களிடமெல்லாம் அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.